உண்ணி உள்ள ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: லைம் நோயைத் தடுப்பதும் தீர்ப்பதும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலோ, விஸ்கான்சின், மின்னசோட்டா பக்கமோ, கனடாவின் தெற்கு ஒன்டாரியோவிலோ, ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளிலோ குடியேறுகிறவர்கள் முதல் கோடையிலேயே ஓர் எச்சரிக்கையைக் கேட்டுவிடுவார்கள்: புல்லுக்குள் போகாதீர்கள், உண்ணி கடிக்கும், லைம் நோய் வரும். அதைக் கேட்டுப் பிள்ளைகளைப் பூங்காவுக்கே அனுப்பாதவர்களும் உண்டு. உண்ணிதானே என்று உதறிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. முன்னவர்கள் ஒரு நல்ல கோடையை வீணாக்குகிறார்கள். பின்னவர்களில் சிலர் சில மாதம் கழித்து வீங்கிய முழங்காலோடு மருத்துவரிடம் போகிறார்கள்.

உண்ணி கடிக்கும்போது உடலுக்குள் இறங்கும் ஒரு பாக்டீரியாவால் வருவதுதான் லைம் நோய். அது ஒவ்வொரு கட்டத்திலும் நமக்கு அவகாசம் தருகிறது. உண்ணி காலில் ஏறிய உடனே கடிப்பதில்லை. கடித்த உடனே கிருமி இறங்குவதில்லை. இறங்கிய உடனே உடலெங்கும் பரவுவதுமில்லை. எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் காட்டுப் பாதையில் தாராளமாக நடக்கலாம். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது.

எந்த உண்ணி, எங்கே, எப்போது

1975-இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற சிற்றூர்ப் பக்கம், பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்குவதைக் கவனித்துச் சுகாதாரத் துறையிடம் முறையிட்டவர்களில் ஒருவர் பாலி மரே என்ற தாய். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் அதை ஆராய்ந்தார். காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவை 1981-இல் உண்ணியின் குடலில் கண்டவர் வில்லி பர்க்டார்ஃபர். அதனால்தான் அதற்கு பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயர். ஐரோப்பாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த அஃப்செலி, கரினி என்ற கிருமிகள்தான் அதிகம்.

எல்லா உண்ணியும் லைம் நோயைத் தராது. வட அமெரிக்காவின் கிழக்கிலும் நடுவடக்கிலும் அதைப் பரப்புவது கறுங்கால் உண்ணி; மான் உண்ணி என்றும் சொல்வார்கள். பசிபிக் கரையிலும் ஐரோப்பாவிலும் அதே இனத்தின் வேறு வகைகள் இருக்கின்றன. முதுகில் வெள்ளைக் கோலம் போட்டதுபோல் தெரியும் பெரிய நாய் உண்ணி லைமைப் பரப்பாது. முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளியுள்ள லோன் ஸ்டார் உண்ணியும் பரப்பாது. ஆனால் அது கடித்தால் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சிக்கு ஒவ்வாமை வரலாம். அது தனிக்கதை.

முட்டையிலிருந்து வெளிவரும் உண்ணிக் குஞ்சிடம் இந்தக் கிருமி கிடையாது. முதல் ரத்தத்தை ஓர் எலியிடம் குடிக்கும்போதுதான் கிருமி ஏறுகிறது. கிழக்கு அமெரிக்காவில் அந்த வேலையை அதிகம் செய்வது வெள்ளைக்கால் எலி. மான் வளர்ந்த உண்ணிகளுக்குச் சோறு போடுகிறதே தவிர, அதன் உடலிலிருந்து கிருமி தொற்றுவதில்லை. குஞ்சு தோலுரித்து இளம் உண்ணியாகி அடுத்த ரத்தத்துக்குக் காத்திருக்கும். அப்போது அதன் அளவு ஒரு கசகசா விதை. மே முதல் ஜூலை வரை அதன் காலம்; மனிதர்களுக்கு வரும் லைமில் பெரும்பங்கு இந்தப் பொடியனால்தான். கண்ணில் படாது, கடிப்பதும் தெரியாது. அதன் எச்சிலில் வலி தெரியாமல் செய்யும் பொருட்கள் உண்டு.

எள் அளவுள்ள வளர்ந்த உண்ணிகள் இலையுதிர் காலத்தில் கிளம்பும். குளிர்காலம் வந்தால் ஓய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பம் உறைநிலைக்குச் சற்று மேலே போனாலே அவை நடமாடும். ஜனவரியில் பனி உருகும் ஒரு மதியத்திலும் கடிபடலாம்.

உண்ணி பறக்காது, தாவாது, மரத்திலிருந்து தலையில் குதிக்காது. புல்நுனியிலோ தாழ்ந்த செடியிலோ முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிற காலைப் பற்றிக்கொள்ளும். பிறகு மேலே ஊர்ந்து மறைவான மடிப்பைத் தேடும். தடுப்பு முறைகள் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தை வைத்து உண்டானவை.

வெளியே போகும் முன்

முழுக்கால் சட்டை போட்டு, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பார்க்க அசிங்கம்தான். ஆனால் தோலுக்குப் போக வேண்டிய உண்ணி துணிமேலேயே ஏறி அலையும். வெளிர் நிறத் துணியானால் கண்ணிலும் படும்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு பொருள் வாங்கப் பணம் செலவழிப்பதென்றால் அது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியாக இருக்கட்டும். 0.5 சதவீதக் கரைசலைக் காலணி, காலுறை, கால்சட்டை மீது அடித்து, முழுக்கக் காயவிட்டுப் போடவேண்டும். பல சலவைக்கு நிற்கும். அதன்மேல் நடக்கும் உண்ணி கால் மடங்கி விழுந்துவிடும். இது துணிக்கு மட்டும், தோலில் பூசுவதற்கல்ல. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அதை அண்டவிடாதீர்கள், பூனைக்குப் பெர்மெத்ரின் நஞ்சு. கனடா போன்ற சில நாடுகளில் ஸ்பிரே எளிதில் கிடைக்காது, மருந்தேற்றிய ஆடையாகவே வாங்கவேண்டியிருக்கும்.

தோலில் பூசும் பூச்சிவிரட்டியானால் டீட் 20 முதல் 30 சதவீதம், அல்லது பிக்காரிடின் 20 சதவீதம். டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும். மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரப் பட்டை கவனம். வாசனை பிடிக்காதவர்களுக்குப் பிக்காரிடின் நல்லது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் என்று பதிவுபெற்ற விரட்டியும் வேலை செய்யும், ஆனால் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கூடாது. சன்ஸ்கிரீன் பூசுவதானால் முதலில் அது, பிறகு விரட்டி.

பாதையின் நடுவில் நடங்கள். விழுந்துகிடக்கும் மரத்தண்டில் உட்காருவதும், சருகுக் குவியலில் பிள்ளைகள் புரளுவதும்தான் அதிக ஆபத்து. இது காட்டுக்கு மட்டும் பொருந்துவதல்ல. வடகிழக்கு அமெரிக்காவில் பலருக்குக் கடி கிடைப்பது சொந்த வீட்டுக் கொல்லையில். புல்லை வெட்டி, சருகை வாரி, தோட்டம் முடிந்து மரங்கள் தொடங்கும் எல்லையில் சுமார் 90 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல்லோ மரச்சில்லோ கொட்டிவையுங்கள். உலர்ந்த தரையைக் கடக்க உண்ணிக்குப் பிடிக்காது. ஊஞ்சலை அந்த எல்லையிலிருந்து தள்ளிப் போடுங்கள். விறகை வெயில் படும் இடத்தில் அடுக்கினால் எலி குடியிருப்பது குறையும்.

வீடு திரும்பியதும்

மேலே சொன்னதில் பாதியை நீங்கள் மறந்துபோனாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

முதலில் துணி. கழற்றிய துணியைத் துவைக்காமல் அப்படியே டிரையரில் போட்டு அதிக வெப்பத்தில் 10 நிமிடம் ஓட்டுங்கள். உண்ணி தண்ணீரில் சாகாது. குளிர்ந்த நீரில் முழுச் சலவை கண்டும் உயிரோடு வரும். வறட்சிதான் அதற்கு எமன். துணி ஈரமாக இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

அடுத்தது குளியல், 2 மணி நேரத்துக்குள். ஒட்டாமல் அலைந்துகொண்டிருக்கும் உண்ணி நீரோடு போய்விடும். ஒட்டிக்கொண்டது போகாது; அதற்குத்தான் மூன்றாவது வேலை: உடம்பு முழுக்கத் தேடுவது. முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, இடுப்பில் எலாஸ்டிக் அழுத்தும் கோடு, தொப்புள், அக்குள், மார்பகத்தின் கீழ், காதுக்குள்ளும் காதின் பின்னும், பிடரியில் முடி தொடங்கும் இடம், தலைமுடிக்குள். முதுகைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குள்ளமாக இருப்பதால் பிள்ளைகளுக்குத் தலையிலும் காதோரமும் அதிகம் ஏறும். அடர்ந்த முடியானால் சீப்பை வைத்து வகிடு வகிடாகப் பாருங்கள்.

கண்ணைவிட விரல்நுனி நன்றாகக் கண்டுபிடிக்கும், குறிப்பாக மாநிறத்திலும் கருநிறத்திலும். இளம் உண்ணி அங்கே ஒரு மச்சத்தைப் போலத்தான் தெரியும். சோப்பு போடும்போது நேற்று இல்லாத ஒரு பொருக்கு இன்று தட்டுப்பட்டால் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கால்கள் இருந்தால் அது மச்சமல்ல.

தினமும் தேடுவது இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் உண்ணியின் குடலில் இருக்கிறது. கிருமி அங்கே அடங்கிக் கிடக்கும். புது ரத்தம் உள்ளே இறங்கி, சூடு ஏறிய பிறகே அது விழித்து, பெருகி, எச்சில் சுரப்பிக்குப் பயணப்படும். இதற்கு நேரம் பிடிக்கும். வட அமெரிக்கக் கறுங்கால் உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் தொற்றும். 36 மணிக்குப் பின் ஆபத்து மளமளவென்று ஏறும். ஐரோப்பிய அஃப்செலி இன்னும் சீக்கிரம் இறங்கக்கூடும் என்பதால் அங்கே இன்னும் துரிதம் தேவை. ஆக, ஒவ்வோர் இரவும் தேடி எடுத்துவிடுகிறவர் கடிபட்டாலும் பெரும்பாலும் தப்பிவிடுவார்.

ஒட்டிய உண்ணியை எடுப்பது

1. கூர்முனை ட்வீசரை எடுங்கள். அகன்ற முனையுள்ள புருவ ட்வீசர் உண்ணியின் வயிற்றை நசுக்கிவிடும்.
2. தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். உப்பிய உடலைப் பிடிக்காதீர்கள்.
3. நேராக மேல்நோக்கி, ஒரே சீராக இழுங்கள். திருகவோ வெடுக்கென்று இழுக்கவோ வேண்டாம். அது எச்சிலைப் பசையாக்கி ஒட்டியிருக்கிறது. சில நொடி இழுவைக்குப் பிறகு விட்டுவிடும்.
4. கடித்த இடத்தையும் கையையும் சோப்புநீராலோ ஆல்கஹாலாலோ துடையுங்கள்.
5. உண்ணியை விரலால் நசுக்காமல் பாலிதீன் பையிலிட்டு மூடுங்கள் அல்லது செல்லோடேப்பில் ஒட்டுங்கள். தேதியையும் உடலில் எந்த இடம் என்பதையும் எழுதிவையுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வாயின் துணுக்கு தோலுக்குள் தங்கிவிட்டால் பதற வேண்டாம். கிருமி இருப்பது உண்ணியின் உடலில். துணுக்கு முள் மாதிரி தானே வெளியே வரும். ஊசியால் குடைந்து புண்ணாக்குவதுதான் கெடுதல். வாசலின், நெயில் பாலிஷ், எண்ணெய், சூடான தீக்குச்சி எதுவும் வேண்டாம். உண்ணி மூச்சுத் திணறி விலகும்வரை காத்திருப்பது நம் அவகாசத்தைத்தான் தின்னும். தொந்தரவு செய்தால் அது குடலில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கவும் கூடும்.

எடுத்தபின் 72 மணி நேரம்

எல்லாக் கடிக்கும் மருந்து தேவையில்லை. ஆனால் நோய் வராமல் தடுக்க ஒற்றை வேளை மருந்து ஒன்று உண்டு: டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம், பிள்ளைகளுக்கு எடைக்குத் தக்கபடி. அமெரிக்க வழிகாட்டல் இதை மூன்று நிபந்தனைகளோடு சொல்கிறது. உண்ணி கறுங்கால் வகையாக இருக்கவேண்டும். லைம் பரவலாக உள்ள பகுதியில் கடித்திருக்கவேண்டும். 36 மணி நேரமாவது ஒட்டியிருந்திருக்கவேண்டும். உண்ணியை எடுத்து 72 மணிக்குள் மாத்திரையை விழுங்கவேண்டும்.

எத்தனை மணி நேரம் ஒட்டியிருந்தது என்று யாருக்குத் தெரியும்? கடைசியாக எப்போது புல்லில் இருந்தீர்கள் என்று கணக்குப் போடுங்கள், உண்ணியின் வயிற்றைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் இப்போதுதான் வந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் உப்பியிருந்தால் நாள் கடந்துவிட்டது. படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒன்டாரியோவில் 2023 முதல் இந்த மாத்திரையை மருந்துக்கடையின் மருந்தாளுநரே எழுதித் தரலாம். பிரிட்டனில் இப்படி முன்கூட்டியே தரும் வழக்கம் இல்லை. அறிகுறியைக் கவனிக்கச் சொல்வார்கள்.

உண்ணியை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சேவைகளும் இருக்கின்றன. என் கணக்கில் அது வீண்செலவு. கிருமி இருந்தாலும் உங்களுக்குத் தொற்றியது என்று ஆகாது. இல்லையென்றாலும் நீங்கள் பார்க்காத இன்னோர் உண்ணி கடித்திருக்கலாம். முடிவு வந்து சேர்வதற்குள் 72 மணியும் கடந்திருக்கும். கடித்த மறுநாளே ரத்தப் பரிசோதனை கேட்பதும் அப்படித்தான், காரணம் கீழே வருகிறது.

அடுத்த 30 நாள்

காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தொற்றியிருந்தால் 3 முதல் 30 நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தையொட்டி, தோலில் ஒரு படை தோன்றும். நோய் வந்தவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு இது வரும்.

இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். லைம் என்றவுடன் எல்லோரும் காட்டும் படத்தில் நடுவே சிவப்புப் புள்ளியும் சுற்றி வெள்ளை வளையமும் அதைச் சுற்றிச் சிவப்பு வளையமும் இருக்கும். அப்படி வளையம் வளையமாக வருவது ஒரு வகை மட்டுமே. அமெரிக்காவில் பலருக்கு வளையமே இல்லாமல் ஒரே சீரான சிவப்புத் திட்டாகத்தான் வரும். அதோடு, அந்தப் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலில் எடுத்தவை. மாநிறத் தோலில் அது கன்றிப்போன இடம் போலவும், கருத்த தோலில் ஊதாவாகவும் பழுப்பாகவும் தெரியும்; சிவப்பு கண்ணிலேயே படாமல் போகலாம். கருந்தோல் உள்ளவர்களுக்கு நோய் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுவது அதிகம் என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே நிறத்தை நம்பாமல் பரப்பை அளந்து பாருங்கள்.

படை நாளுக்கு நாள் விரியும். பொதுவாக 5 சென்டிமீட்டரைத் தாண்டும். தொட்டால் லேசான சூடு இருக்கலாம். அரிப்போ வலியோ அதிகம் இருக்காது. பேனாவால் அதன் ஓரத்தில் கோடு போட்டுத் தினமும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். உண்ணியை எடுத்த ஓரிரு நாளில் சிறிதாகச் சிவந்து, அரித்து, தானே அடங்குவது எச்சிலுக்கு ஏற்படும் ஒவ்வாமை. அது லைம் அல்ல.

படை வராமலும் நோய் வரலாம். கோடையில் சளி இருமல் இல்லாமல் காய்ச்சல், குளிர், தலைவலி, உடம்புவலி, அசதி வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காய்ச்சல் கடுமையாக இருந்தால் அதே உண்ணி தரும் அனாப்ளாஸ்மா, பபீசியா போன்ற வேறு தொற்றுகளையும் பார்க்கவேண்டியிருக்கும்.

மருத்துவரிடம்

உண்ணி உள்ள பகுதியில் இருந்தவருக்கு மேலே சொன்ன படை இருந்தால் அதுவே போதும். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கவேண்டும். பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, நம் உடல் அதற்கு எதிராக உண்டாக்கும் ஆன்டிபாடியை. அது ரத்தத்தில் தெரியச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் இல்லை என்று வரும் முடிவுக்கு மதிப்பே இல்லை. “பரிசோதனையில் ஒன்றுமில்லை, போய் வாருங்கள்” என்று யாராவது சொன்னால், படையின் படங்களைக் காட்டி இந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.

படை நிலையில் பிடித்துவிட்டால் சிகிச்சை எளிது. பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை. அமெரிக்காவில் 10 நாள், பிரிட்டனில் 21 நாள். அமாக்சிசிலின், செஃப்யூராக்சிம் ஆகியவை மாற்று. அவை அமெரிக்காவில் 14 நாள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக அமாக்சிசிலின். இந்த அளவுகளை நீங்கள் மருத்துவரோடு பேசுவதற்காகச் சொல்கிறேன், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துப் போடுவதற்கல்ல.

டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். பால், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை அதே நேரத்தில் எடுக்காதீர்கள். வெயில் தோலை எளிதில் பொசுக்கும். முதல் நாளில் காய்ச்சலும் நடுக்கமும் கூடினால் அது பல நேரம் கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது. மருத்துவரிடம் தெரிவியுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கவனிக்காமல் விட்டால் வாரங்களில் அல்லது மாதங்களில் கிருமி வேறிடங்களுக்குப் போகும். முகத்தின் ஒரு பக்கமோ இருபக்கமோ தொங்கிப்போகும் முகவாதம், கழுத்து விறைத்த தலைவலி, பின்னொரு நாள் முழங்கால் பெரிதாக வீங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவையும் ஆன்டிபயாடிக்கில் குணமாகும், காலம் மட்டும் கூடும். மூட்டு வீக்கத்துக்கு 28 நாள். மயக்கம், படபடப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி இருந்தால் மறுநாள்வரை பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். கிருமி இதயத்தின் மின்னோட்டத்தைத் தடுப்பது அரிது, ஆனால் அதில் உயிர் போயிருக்கிறது.

தடுப்பூசி பற்றிக் கேட்பவர்களுக்கு: 1998-இல் லைமெரிக்ஸ் என்று ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2002-இல் விற்பனை குறைந்து நிறுத்தப்பட்டது. நம் ரத்தத்தில் உருவான ஆன்டிபாடியை உண்ணி குடித்து, அதன் குடலுக்குள்ளேயே கிருமி சாகும்படி செய்த அருமையான வேலை அது. ஐரோப்பாவில் உண்ணித் தடுப்பூசி என்று போடுவது மூளைக்காய்ச்சல் வைரஸ் ஒன்றுக்கு எதிரானது. அதைப் போட்டுக்கொண்டவருக்கும் லைம் வரும். நாய்களுக்கு லைம் தடுப்பூசி உண்டு. ஆனாலும் நாயின் காதையும் கழுத்துப்பட்டைக்குக் கீழும் தடவிப் பாருங்கள், அது உங்கள் மெத்தைக்கு உண்ணியைக் கொண்டுவரும்.

மருந்து முடித்த பிறகும் அசதி, வலி, கவனக் குறைவு சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அது கற்பனை அல்ல. பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லத் தேறும். ஆனால் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றும் சிகிச்சையை விற்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். முறையான ஆய்வுகளில் அது பலன் தரவில்லை. ரத்தநாளத்தில் செருகிய குழாய் வழியே வேறு தொற்று வந்து சிலர் இறந்திருக்கிறார்கள். குணமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி ரத்தப் பரிசோதனை செய்வதும் பயனில்லை, ஆன்டிபாடி வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். அது தங்கியிருந்தாலும் அடுத்த கடியில் நோய் மறுபடி வரலாம். அப்படிப் புதிதாக ஒரு படை விரிந்தால் அதைப் புதுத் தொற்றாகவே எடுத்துக்கொண்டு, முதல் முறை எடுத்த மருந்தின் விவரத்தோடு மருத்துவரிடம் போங்கள்.